பரணில் கிடைத்த 37 பழைய தோட்டாக்கள்: என்ன செய்வது?

மலையடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தாண்டிக்குடிப் பக்கம். காப்பி, மிளகு, கொஞ்சம் மலைவாழை. எங்கள் தாத்தாவிடம் 12 போர் (போர் என்பது குழலின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. தோட்டத்துக்குள் பன்றி வருகிறது என்று வாங்கிய லைசென்ஸ். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார். 2021 தேர்தலுக்கு ஒப்படைத்தது அங்கேயே இருந்துவிட்டது. மறு வருஷம் தாத்தா தவறிவிட்டார். சித்தப்பா அலைந்து திரிந்து, எழுதிக்கொடுக்க வேண்டியதையெல்லாம் எழுதிக்கொடுத்து, மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்கு அதை விற்றார். லைசென்ஸ் புத்தகத்தையும் ஒப்படைத்தாயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

போன வாரம் கூரை மாற்றுவதற்காகப் பரணைக் காலி செய்தோம். பழைய பால்பவுடர் டப்பா ஒன்று கனமாக இருந்தது. உள்ளே துணியில் சுற்றி 37 தோட்டா. எண்ணிப் பார்த்ததில்:

சிவப்புக் காகிதக் கூடு 14. அடியில் ஈலி-கைனாக் என்று கம்பெனிப் பெயர் பொறித்திருக்கிறது. பாதிக்கு மேல் ஊதிப்போயிருக்கின்றன, பித்தளையில் பச்சைக் களிம்பு. பிளாஸ்டிக் கூடு 17, சக்திமான், கடக்கித் தொழிற்சாலை. பார்க்க நன்றாகவே இருக்கின்றன. முழுக்கப் பித்தளையாக 4, இவை தாத்தா கையால் அடைத்தவை என்று அப்பத்தா சொல்கிறது. மஞ்சள் நிறத்தில், மற்றதைவிட ஒல்லியாக 2.

டப்பாவைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வந்தது. மேலே தகரக் கூரை போட்ட பரண், சித்திரை வெயிலெல்லாம் அங்கேதான் இறங்கும்.

அப்பா, கீழே இருக்கும் பாழுங்கிணற்றில் போட்டுவிடலாம் என்கிறார். தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் உள்ளே இருக்கும் வெடிமருந்தை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கிறார். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் பயம். லைசென்ஸ் இல்லாமல் இத்தனை நாள் எப்படி வைத்திருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

---

வாடிப்பட்டி
ஞாயிறு, இரவு 9:40

தம்பி, அப்பா சொல்வதுதான் சரி. கிணற்றில் போட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கள் பெரியப்பா வீட்டில் இதே மாதிரி நாலு தோட்டா கிடைத்து, நல்ல பிள்ளையாகப் போய்க் கொடுத்தார். யாருடையது, எப்போது வாங்கியது, பில் எங்கே என்று மூன்று வாரம் நடக்க வைத்தார்கள். கேஸ் ஒன்றும் போடவில்லை, ஆனால் அந்த மூன்று வாரம் வீட்டில் ஒருத்தரும் தூங்கவில்லை. எந்த ஊர் ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன்.

---

ஆர்க்காடன்
ஞாயிறு, இரவு 10:05

தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் கேப்பில் எண்ணெய் விட்டு நாலு நாள் ஊறவைத்தால் செத்துவிடும், அப்புறம் குப்பையில் போடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்து பார்த்ததில்லை.

---

கிடங்கு ஹவில்தார்
ஞாயிறு, இரவு 11:20

தம்பி மலையடிவாரம், முதலில் அந்த டப்பாவை இன்று ராத்திரி யாரும் தொட வேண்டாம். எண்ணியது போதும். மறுபடி எடுத்துப் பார்ப்பது, பிள்ளைகளுக்குக் காட்டுவது, போட்டோவுக்காக வரிசையாக அடுக்குவது எதுவும் வேண்டாம்.

ராணுவத்தில் வெடிமருந்துக் கிடங்கில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் படுக்க மனம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு தோட்டாவுக்குள் நான்கு சாமான். அடியில் நடுவில் கேப். அதன் மேல் மருந்து. மருந்துக்கு மேல் தக்கை. தக்கைக்கு மேல் ஈய ரவை. இதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பழசாகும். எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. "ரொம்பப் பழசு, இனி வெடிக்காது" என்று சொல்லித்தான் நிறையப் பேர் கையைப் பறிகொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் காகிதத் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்காற்று ஈரம் குடித்து காகிதம் ஊதியிருக்கிறது. இனி அது குழலுக்குள்ளேயே போகாது. ஆனால் கேப் பித்தளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கேப்களில் பாதரச ஃபுல்மினேட், பொட்டாசியம் குளோரேட் எல்லாம் சேர்ப்பார்கள். பிறகு வந்தவற்றில் ஈய ஸ்டிஃப்னேட். எதுவாக இருந்தாலும் அடி பட்டால் பற்றிக்கொள்வதற்கென்றே செய்தது. கூடு ஊதியதால் கேப்பின் குணம் மாறாது.

பிளாஸ்டிக் கூட்டில் இருப்பது புகையில்லா மருந்து, நைட்ரோசெல்லுலோஸ். அது உள்ளுக்குள் மெல்ல மெல்லச் சிதைந்து அமில வாயுவை விடும். அதைப் பிடித்து வைப்பதற்காகவே டைபீனைலமைன் மாதிரி ஒன்றைக் கலந்திருப்பார்கள். வருஷக்கணக்கில் தகரத்துக்கு அடியில் சூட்டில் கிடந்தால் அந்தக் கலவை தீர்ந்துபோகும். தம்பி சொன்ன புளித்த வாடை அதனுடையதாக இருக்கலாம். அதனால்தான் பார்க்க நன்றாக இருக்கும் அந்த 17-ஐயும் நான் நல்லது என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு அதிகக் கவலை அந்த நான்கு பித்தளைத் தோட்டாக்கள் மேல்தான். கையால் அடைத்தது என்றால் பெரும்பாலும் கரிமருந்து. கரிமருந்துக்கு வயதே கிடையாது. நனைந்தால் நமுத்துப்போகும், காய்ந்தால் திரும்ப உயிர் வந்துவிடும். தீபாவளிக்கு முன்னால் நமுத்த பட்டாசை மொட்டைமாடியில் காயவைக்கிற பழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. இதை அப்படிக் காயவைக்க நினைத்துவிடாதீர்கள். ஒரு பொறி போதும். எவ்வளவு போட்டு அடைத்தார் என்பதும் தாத்தாவுக்கு மட்டுமே தெரியும்.

மஞ்சள் இரண்டும் 20 போராக இருக்கும், அது 12 போரைவிட ஒல்லியான அளவு. 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதற்கே ஒரு காரணம் இருக்கிறது. அது தவறி 12 போர் குழலுக்குள் விழுந்தால், பின்பக்கம் நிற்காமல் வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு அடித்தால், இடது கை பிடித்திருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும். உங்களிடம் துப்பாக்கி இல்லை, சரி. ஆனால் இந்தத் தோட்டா யார் கைக்குப் போகும் என்று தெரியாமல் கொடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்ணெயில் ஊறவைப்பது பற்றி: கேப்பும் பித்தளையும் சேரும் இடத்தில் பல கம்பெனிகள் அரக்கு பூசி அடைத்திருக்கும். எண்ணெய் உள்ளே போகலாம், போகாமலும் இருக்கலாம். ஊறவைத்த பிறகு பத்தில் எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அது முன்னைவிட மோசம், ஏனென்றால் இப்போது நீங்கள் தைரியமாகக் கையாளுவீர்கள்.

நெருப்பில் போடுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குழலுக்குள் வெடித்தால் ரவை ஒரு திசையில் போகும். திறந்த வெளியில் நெருப்பில் வெடித்தால் கூடு கிழிந்து, கனம் குறைந்த பித்தளையும் கேப்பும்தான் தெறிக்கும். துப்பாக்கிக் குண்டின் வேகம் இருக்காது. கண்ணுக்கு அந்த வேகம் தேவையும் இல்லை.

படித்தவர்கள், பயிற்சி உள்ளவர்கள் செய்யும்போதே தவறுகிறது. மகாராஷ்டிரத்தில் புல்காவ் பக்கம் 2018 நவம்பரில் பழைய வெடிமருந்தை அழிக்கும் இடத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் பழைய ஆட்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து அழுதோம். இதை வீட்டுக் கொல்லையில் செய்ய எவருக்கும் நான் வழி சொல்ல மாட்டேன்.

இப்போதைக்கு: வெயில் படாத, அடுப்பும் கேஸ் சிலிண்டரும் இல்லாத அறையில், பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். மூடியை இறுக்கி அடைக்க வேண்டாம். தொட்டவர்கள் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மீதியை நாளைக்குச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

---

பழனிமலைக் கன்று
திங்கள், காலை 6:30

மருந்தை மட்டும் கேட்கும் அந்த அண்ணனுக்குத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மலையோரத்தில் பன்றிக்கு அவுட்டுக்காய், அதாவது கடித்தால் வெடிக்கும்படி மருந்து வைத்த இரை, வைப்பவர்கள் மருந்தை எங்கிருந்தாவது தேடி எடுப்பார்கள், அதில் பழைய தோட்டாவும் ஒன்று. அவர் அதற்குத்தான் கேட்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவுட்டுக்காய் கடித்த பசுவை நான் என் கையால் பிடித்திருக்கிறேன். கீழ்த்தாடை தொங்கிப்போயிருந்தது. தண்ணீர் குடிக்க வாயை வைக்கும், குடிக்க முடியாமல் தலையைத் தூக்கும், திரும்ப வைக்கும். ஆறு நாள் இருந்தது. 2020 மே மாதம் பாலக்காட்டில் கர்ப்பிணி யானை வாயில் வெடித்து ஆற்றில் நின்றே செத்ததே, நாடு முழுக்கப் பேசினார்கள். அதே சங்கதிதான். பசு சாகும்போது பேப்பரில் வராது, அவ்வளவுதான்.

இன்னொன்று. தோட்டாவைப் பிரித்து ரவை முற்றத்தில் சிந்தினால் நாட்டுக்கோழி அதைக் கல் என்று நினைத்துப் பொறுக்கும். கோழிக்கு இரை அரைக்கக் கல் வேண்டும் இல்லையா, அந்த இடத்தில் போய் ஈயம் தங்கி அரைபடும். கழுத்து தொங்கி, பச்சையாகக் கழிந்து, சீக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். காட்டு வாத்துகளுக்கும் இப்படி ஆவதால்தான் அமெரிக்காவில் 1991-லேயே நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தார்கள்.

---

கருப்புக்கோட்டு
திங்கள், காலை 8:15

வழக்கறிஞர், மாவட்ட நீதிமன்றத்தில். பொதுவான விளக்கம்தான் இது. உங்கள் காகிதங்களைப் பார்த்துச் சொல்ல உங்கள் ஊரில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கிக்கு எப்படி லைசென்ஸ் வேண்டுமோ அப்படித்தான் தோட்டாவுக்கும். துப்பாக்கி போய்விட்டது, வெறும் தோட்டாதானே என்ற பேச்சுக்கு இடமில்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 25-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம், அபராதமும் உண்டு. முன்பு ஒன்று முதல் மூன்று வருஷம்.

பயப்பட வேண்டாம், அடுத்ததைப் படியுங்கள்.

அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு உங்கள் மாதிரி வீடுகளுக்காகவே இருக்கிறது. லைசென்ஸ் முடிந்தோ, ரத்தாகியோ, வேறு எந்தக் காரணத்தாலோ ஆயுதத்தையோ தோட்டாவையோ வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், தேவையில்லாத தாமதம் செய்யாமல் பக்கத்து காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ, விதிகளுக்கு உட்பட்டு லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ்தாரர் இறந்துபோனால் வாரிசுக்கு என்ன உரிமை என்பதும் அந்தப் பிரிவிலேயே வருகிறது. ஆக, ஒப்படைப்பது சட்டம் உங்களைச் செய்யச் சொல்லும் வேலை. நீங்கள் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்படைக்காமல் இருப்பதுதான் தனிக் குற்றம்.

இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்ற கேள்விக்கு: பரணில் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், வைத்திருப்பது என்றால் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. விமான நிலையத்தில் பையில் மறந்த ஒற்றைத் தோட்டாவோடு மாட்டும் எத்தனையோ பேர் இந்த வாதத்தில்தான் வெளியே வந்தார்கள். ஆனால் கவனியுங்கள், அந்தப் பாதுகாப்பு உங்களுக்குப் போன வாரம் வரைதான். டப்பாவைத் திறந்து எண்ணியாயிற்று. இனி தெரியாது என்று சொல்ல முடியாது. வாடிப்பட்டி சொல்வது போலக் கிணற்றில் போட்டால், தெரிந்துகொண்டே மறைத்தவர் ஆகிவிடுவீர்கள். பத்து வருஷம் கழித்துத் தூர் வாரும்போது கிடைத்தால், கிணறு யார் பட்டாவில் இருக்கிறது?

---

வாடிப்பட்டி
திங்கள், காலை 9:02

ஐயா, சட்டம் நீங்கள் சொல்வதுதான். நான் சொன்னது அனுபவம். போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாமலே வாழ்நாளைக் கழித்த குடும்பம் எங்களுடையது. பெரியப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய அவமானமாக இருந்தது என்று பார்த்தவன் நான். அதனால்தான் சொன்னேன்.

---

கருப்புக்கோட்டு
திங்கள், காலை 9:30

உங்கள் பெரியப்பா கையில் கடிதம் எதுவும் கொண்டுபோனாரா? வெறுங்கையோடு தோட்டாவை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைப்பதால்தான் பாதித் தொல்லை வருகிறது. அங்கே இருப்பவருக்கும் அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாது, அவரும் பயப்படுவார். நாம் எழுதிக் கொண்டுபோனால் அவருக்கும் வேலை சுலபம்.

---

வாடிப்பட்டி
திங்கள், காலை 9:41

கடிதம் இல்லை. துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனார்.

---

மட்டுறுத்துநர்
திங்கள், காலை 11:00

"என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, அந்த 17 பிளாஸ்டிக் தோட்டாவை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று போன் நம்பரோடு ஒரு பதிவு வந்தது. நீக்கிவிட்டோம். லைசென்ஸ் இல்லாத ஒருவர் தோட்டாவைக் கைமாற்றிக் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். தளத்தில் அதற்கு இடமில்லை. தோட்டாவைப் பிரிப்பது, மருந்தை எடுப்பது பற்றிய வழிமுறைகளையும் யாரும் எழுத வேண்டாம். லைசென்ஸ் புத்தகத்தின் படத்தை இங்கே போட வேண்டாம், அதில் முகவரி இருக்கும்.

---

வன்னிமண்
திங்கள், பகல் 1:25

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். எங்கட ஊரில 'ரவை' எண்டால் முழுத் தோட்டாவும்தான். நீங்கள் ரவை எண்டு சொல்லுறதை நாங்கள் சன்னம் எண்டுவம். ஹவில்தார் ஐயா எழுதினதை வாசிக்க முதலில குழம்பிப்போனன், பிறகுதான் விளங்கிச்சு.

இங்க கதை வேற. பெட்டியில கிடக்கிற தோட்டா இல்ல, மண்ணுக்குள்ள கிடக்கிற சாமான். காணி துப்பரவாக்க மண்வெட்டி போட்டால் என்ன வெளிக்கும் எண்டு தெரியாது. முகமாலையில கண்ணிவெடி அகற்றுற ஹலோ டிரஸ்ட் ஆக்கள் எத்தனையோ வருசமா ஒவ்வொரு அடியாச் சுரண்டித் துப்பரவாக்கினவை. பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறது ஒண்டுதான்: தொடாதே, வந்த வழியாலேயே திரும்பிப் போ, பெரியாக்களுக்குச் சொல்லு. நாங்கள் அதைப் பாட்டு மாதிரிப் பாடமாக்கினனாங்கள்.

தம்பியின்ர டப்பாவுக்கும் அதுதான் பொருந்தும் எண்டு நினைக்கிறன். கிணத்தில போடுறது எண்ட கதையே வேண்டாம். இங்க சண்டை முடிஞ்சாப் பிறகு கிணறு இறைக்கப் போன ஆக்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

---

மலையடிவாரம்
திங்கள், இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. அப்பாவை உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். பசுவைப் பற்றி எழுதியிருந்ததைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கன்று அப்படிச் செத்தது. தோட்டத்து அண்ணனிடம் அப்பாவே பேசிவிட்டார்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஸ்டேஷன் 9 கிலோமீட்டர், மலைப்பாதை. எப்படிக் கொண்டுபோவது? கடிதத்தில் என்ன எழுதுவது?

---

கருப்புக்கோட்டு
திங்கள், இரவு 9:30

கொண்டுபோகாதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்கு ஒரு போன். இறந்துபோன தாத்தாவின் லைசென்ஸில் வாங்கிய பழைய தோட்டாக்கள் வீட்டில் கிடைத்திருக்கின்றன, ஒப்படைக்க விரும்புகிறோம், நீங்கள் வந்து எடுப்பீர்களா, நாங்கள் கொண்டுவரலாமா என்று கேளுங்கள். பேசியவர் பெயர், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். களிம்பு பிடித்தவையும் கையால் அடைத்தவையும் இருக்கின்றன என்று தெளிவாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னால் பெரும்பாலும் அவர்களே ஆள் அனுப்புவார்கள்.

கடிதம் இன்ஸ்பெக்டருக்கு, நகல் கலெக்டருக்கு. உங்கள் மாவட்டத்தில் லைசென்ஸ் கொடுப்பது கலெக்டர், கமிஷனர் இருக்கும் நகரங்களில் கமிஷனர். தாத்தா பெயர், லைசென்ஸ் எண், இறந்த தேதி, துப்பாக்கியை விற்ற விவரம், தோட்டா கிடைத்த தேதியும் இடமும், வகைவாரியாக எண்ணிக்கை, 21-ஆம் பிரிவின்படி ஒப்படைக்கிறோம், திரும்பப் பெற விருப்பமில்லை என்ற ஒரு வரி. இவ்வளவு போதும், ஒரே பக்கம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், துப்பாக்கி விற்ற ரசீது ஆகியவற்றின் நகலை இணையுங்கள். லைசென்ஸ் புத்தகத்தின் நகல் இருந்தால் தங்கம். ஒவ்வொரு முறை தோட்டா வாங்கும்போதும் கடைக்காரர் அதில் எழுதியிருப்பார், எத்தனை வாங்கினார் என்பதற்கு அதுவே சாட்சி.

முக்கியமானது கடைசியில்: வகைவாரி எண்ணிக்கையோடு, முத்திரை போட்ட ரசீது. ரசீது இல்லாமல் ஒன்றைக்கூடக் கையை விட்டு விடாதீர்கள்.

---

கிடங்கு ஹவில்தார்
திங்கள், இரவு 10:10

நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டால் மட்டும் இதைப் பாருங்கள். பஸ், ஷேர் ஆட்டோ கூடாது. பைக்கும் வேண்டாம், மலைப்பாதையில் விழுந்தால் என்ன ஆகும். சொந்தக் காரின் பின்பக்கம், அட்டைப்பெட்டியில், ஒன்றோடொன்று இடிக்காமல் பழைய துணி சுற்றி வையுங்கள். ஒன்றின் மூக்கு இன்னொன்றின் கேப்பில் படக் கூடாது. பக்கத்தில் பேட்டரி, கருவிப்பெட்டி, பெட்ரோல் கேன் எதுவும் இருக்கக் கூடாது. காலையில் சூடு ஏறுமுன் கிளம்பி, வழியில் டீக்கடையில்கூட நிறுத்தாமல் நேராகப் போய்விடுங்கள். ஆனால் கையடைப்புத் தோட்டா இருப்பதால் அவர்கள் வரட்டும் என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

---

தேம்ஸ்கரை
செவ்வாய், அதிகாலை 3:15

லண்டனுக்கு வெளியே இருக்கிறேன். இங்கே சட்டம் வேறு மாதிரி. சாதாரண ஷாட்கன் தோட்டாவை வாங்கத்தான் சான்றிதழ் வேண்டும், வைத்திருக்க வேண்டியதில்லை. அதனால் இங்குள்ள தளங்களில் படித்துவிட்டு இந்தியாவிலும் அப்படித்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அழிப்பதில் இங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது, அவர் மனைவி கொட்டகையில் இரண்டு பெட்டி காகிதத் தோட்டாவைப் பார்த்தார். போலீஸுக்குப் போன் செய்தோம், கொண்டுவர வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்றார்கள். பதிவு பெற்ற துப்பாக்கிக் கடைகளும் வாங்கிக்கொள்ளும்.

---

ஆர்க்காடன்
செவ்வாய், காலை 7:45

எண்ணெய் பற்றி எழுதியது நான்தான். ஹவில்தார் ஐயா எழுதியதைப் படித்த பிறகு அந்த வீடியோவில் போய் இதையே பின்னூட்டமாகப் போட்டிருக்கிறேன். பழைய இரும்புக் கடைக்குப் பித்தளைக்காகப் போட்டுவிடுபவர்களும் எங்கள் பக்கம் உண்டு. கடையில் வேலை செய்யும் பையன் சுத்தியலால் தட்டித்தான் பித்தளையைப் பிரிப்பான். அவனிடம் இது என்ன என்று யாரும் சொல்வதில்லை.

---

மலையடிவாரம்
வெள்ளி, மாலை 6:20

நடந்ததைச் சொல்கிறேன்.

புதன் காலை போன் செய்தேன். எடுத்தவர் முதலில், நாளைக்குக் கொண்டுவந்து கொடுங்கள் என்றார். கையால் அடைத்தவை நான்கு இருக்கின்றன, காகிதக் கூடு ஊதிப்போயிருக்கிறது என்று சொன்னதும் குரல் மாறியது. யாரும் தொடாதீர்கள், ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு மணி நேரத்தில் திரும்ப அழைத்தார்கள்.

வியாழன் காலை எஸ்.ஐ., ஒரு ஏட்டு, கூடவே ஆயுதப்படையில் இருந்து பயிற்சி பெற்ற ஒருவர் வந்தார்கள். ஜீப் வீட்டு வாசலில் நிற்குமே என்று அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே சோறு இறங்கவில்லை. வந்தவர்கள் அப்பத்தாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். கடிதத்தை எஸ்.ஐ. இரண்டு முறை படித்தார். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். கேள்வி மூன்றோ நாலோதான். துப்பாக்கி எங்கே, எப்போது விற்றது, பரணில் வேறு ஏதாவது இருக்கிறதா, டப்பாவை யார் யார் தொட்டார்கள்.

ஆயுதப்படைக்காரர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, வகை பிரித்து, மணல் போட்ட மரப்பெட்டியில் வைத்தார். பித்தளை நான்கையும் தனியாக வைத்தார். ஒன்றின் வாயில் மெழுகு அடைப்பு விட்டுக் கருப்பாகத் தூள் கசிந்திருந்ததை எனக்குக் காட்டினார். நான் எண்ணும்போது துணியில் அந்தக் கருப்பைப் பார்த்தேன், அழுக்கு என்று நினைத்துத் தட்டிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மஞ்சள் இரண்டும் 20 போர்தான். தாத்தாவிடம் 20 போர் துப்பாக்கி இருந்ததே இல்லை, யாரோ சிநேகிதர் கொடுத்திருக்க வேண்டும். அதைப் பற்றி எஸ்.ஐ. கொஞ்சம் அழுத்திக் கேட்டார். எங்களுக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னோம், அப்படியே எழுதிக்கொண்டார்.

ரசீது கையில் இருக்கிறது. வகைவாரியாக 14, 17, 4, 2, மொத்தம் 37. முத்திரையோடு. கலெக்டர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பிய அட்டையும் பத்திரம். எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. போகும்போது ஏட்டு, இதே மலையில் இன்னும் எத்தனை பரணில் இப்படி இருக்கிறதோ, தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள் என்றார். அதனால் எங்கள் ஊர்க் குழுவில் இந்த இழையைப் போட்டேன். இரண்டு வீட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

---

வாடிப்பட்டி
வெள்ளி, இரவு 7:05

மனசு நிறைந்தது தம்பி. நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கிணற்றில் போடச் சொன்ன என் பதிவை அழித்துவிடலாமா?

---

மட்டுறுத்துநர்
வெள்ளி, இரவு 7:30

இருக்கட்டும் ஐயா. அதே எண்ணத்தோடு தேடி வருபவர்கள் கீழே உள்ளதையும் படிப்பார்கள்.

---

கிடங்கு ஹவில்தார்
வெள்ளி, இரவு 8:15

நல்ல காரியம் செய்தீர்கள். ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பால்பவுடர் டப்பாவும் துணியும் இப்போது எங்கே?

---

மலையடிவாரம்
வெள்ளி, இரவு 8:22

துணியை அவர்களே எடுத்துப் போனார்கள். டப்பாவைக் கேட்கவில்லை. அப்பத்தா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது, மிளகு போட்டு வைக்கலாம் என்று. தாத்தா டப்பா என்பதால் விட மனமில்லை.

---

கிடங்கு ஹவில்தார்
வெள்ளி, இரவு 8:26

வேண்டாம் தம்பி. ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 30 கிராம் ஈயம், 37-க்கு ஒரு கிலோவுக்கு மேல் அதில் எத்தனையோ வருஷம் உரசிக் கிடந்திருக்கிறது. தகரத்தின் மடிப்பில் ஒட்டிய ஈயத்தூள் ஒரு கழுவலில் போகாது. சாப்பிடும் பொருள் எதுவும் அதில் போடக் கூடாது. அப்பத்தாவுக்கு ஞாபகத்துக்கு வேண்டும் என்றால் ஆணி, கம்பி போட்டுக் கொட்டகையில் வைக்கச் சொல்லுங்கள். சமையலறைக்குள் வேண்டாம்.

---

மலையடிவாரம்
வெள்ளி, இரவு 9:10

சொல்லிவிட்டேன் ஐயா. முதலில் கோபப்பட்டது. அப்புறம் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் தாத்தாவின் கவாத்துக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, கை கழுவச் சோப்பு கேட்டது.